சுமை இறக்கி வைக்கும் உயரம்

தமிழகத்தின் பழைய சாலையோரங்களிலும், ஊர் எல்லைகளிலும், ஏரிக்கரைத் திருப்பங்களிலும் இன்றும் ஆங்காங்கே காணப்படும் சுமைதாங்கிக் கல், அமைப்பில் மிக எளியது. நிலத்தில் ஊன்றி நிறுத்தப்பட்ட இரண்டு கற்றூண்களும், அவற்றின் மேல் கிடத்தப்பட்ட ஒரு பலகைக் கல்லும் தவிர, அதில் வேறு உறுப்பு எதுவும் இல்லை. பெரும்பாலானவற்றில் சிற்ப வேலைப்பாடுகூடக் கிடையாது. ஆயினும், களைத்துப்போன மனிதர் ஓய்வெடுக்க என்ன வேண்டும் என்பதை ஒரு சமுதாயம் எவ்வளவு நுட்பமாக எண்ணிப் பார்த்திருந்தது என்பதற்கு, அந்த மூன்று கற்களைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அதன் பயனை உணர, தலைச்சுமையின் இயல்பை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். வண்டி மாடு எல்லோருக்கும் வாய்க்காத காலத்தில், நெல் மூட்டையும், விறகுக் கட்டும், உப்பும், கருவாடும், மண்பாண்டமும், காய்கறிக் கூடையும் சந்தைக்குப் போனது பெரும்பாலும் மனிதர்களின் தலைமீதுதான். துணியை வளையமாகச் சுருட்டி உச்சந்தலையில் வைத்துக்கொள்ளும் சும்மாடு, பாரம் ஒரே புள்ளியில் இறங்கி அழுத்தாதபடி அதைப் பரப்பியதோடு, கூடை சரியாமலும் காத்தது. ஆனால் கனத்த சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்ள இன்னொருவர் கைகொடுக்க வேண்டும்; ஒருவர் எதிரே நின்று தூக்கிவிட, சுமப்பவர் முழங்காலைச் சற்று மடித்துத் தலையில் வாங்கிக்கொள்வதே வழக்கம். வழியில் தனியே செல்பவர், கழுத்து கடுத்துச் சுமையைத் தரையில் இறக்கிவிட்டால், அதை மீண்டும் தூக்கிவிட ஆள் வரும்வரை அங்கேயே காத்திருக்க நேரும். ஆகவே, களைத்தாலும் இறக்க முடியாது என்பதே தலைச்சுமைக்காரரின் பெருந்துன்பமாக இருந்தது.

சுமைதாங்கி அந்தத் துன்பத்தைத் தன் உயரத்தாலேயே தீர்த்தது. அதன் மேற்பலகை ஏறத்தாழ ஓர் ஆளின் தோளளவில் நின்றதால், சுமப்பவர் அதன் அருகில் வந்து, சற்றே தாழ்ந்து, தலையிலிருந்த மூட்டையைப் பக்கவாட்டில் தள்ளினால் போதும், மூட்டை பலகைமீது அமர்ந்துவிடும். களைப்பாறிய பிறகு, அதே இடத்தில் தலையைக் கொடுத்து மூட்டையை இழுத்து வாங்கிக்கொண்டு புறப்படலாம். இறக்கவும் ஏற்றவும் அங்கே யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. அந்த உதவியை யாரோ ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன்பே கல்லாக நட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார்.

ஓய்வைப் பற்றி இக்காலத்தில் பேசப்படும் பேச்சில் பெரும்பகுதி, அதைத் தனிமனிதரின் மனப்பழக்கமாகவே கருதுகிறது. நேரத்தை ஒழுங்குபடுத்திக்கொள்ளவும், மனத்தை அமைதிப்படுத்திக்கொள்ளவும் தெரிந்தவருக்கு ஓய்வு தானே அமையும் என்று அது கூறுகிறது. சுமைதாங்கி வேறொரு பாடத்தைச் சொல்கிறது. ஓய்வெடுக்கும் விருப்பம் எவ்வளவு இருந்தாலும், சுமையை இறக்க ஓர் இடம் இல்லையென்றால் அந்த விருப்பத்தால் பயனில்லை. அந்த இடத்தையோ சுமப்பவர் தாமே அமைத்துக்கொள்ள முடியாது, மற்றவர்கள் முன்கூட்டியே அமைத்திருக்க வேண்டும்.

நினைவுக்கல்லும் வழித்துணையும்

சுமைதாங்கிகள் பல, இறந்தவர்களின் நினைவாக எழுப்பப்பட்டவை. குறிப்பாக, வாயும் வயிறுமாக இருந்த பெண் பிள்ளை பெறாமலேயே இறந்துபோனால், அவள் பெயரால் சுமைதாங்கி நடும் வழக்கம் தமிழரிடையே பரவலாக இருந்தது. வயிற்றுச் சுமையை இறக்கி வைக்காமலே போய்விட்டவளின் ஆன்மா, வழிப்போக்கர்கள் தங்கள் சுமையை அவள் பெயரிலான கல்லில் இறக்கி வைக்கும்போதெல்லாம் ஆறுதல் அடையும் என்பது அந்த நம்பிக்கை. சில கற்களில் இறந்தவரின் பெயரும், கல்லை நிறுத்தியவரின் பெயரும், ஆண்டும் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

இந்த வழக்கத்தில் அடங்கியுள்ள எண்ணம் ஆழமானது. ஒரு குடும்பம் தன் துயரத்தை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிக்கொள்ளாமல், முன்பின் அறியாத ஒருவரின் கழுத்துவலியைத் தீர்க்கும் பொருளாக அதை மாற்றி, பொதுவழியில் கொண்டுவந்து நிறுத்துகிறது. இறந்தவளுக்குச் செய்ய முடியாமல் போனதை உயிரோடிருக்கும் யாருக்கோ செய்வதன் மூலம், அந்தக் குடும்பமும் தன் பாரத்தில் ஒரு பகுதியை இறக்கி வைக்கிறது. சுமைதாங்கி என்னும் பெயர் இவ்வாறு வழிப்போக்கருக்கும், இறந்தவளுக்கும், அவளை இழந்தவர்களுக்கும் ஒருசேரப் பொருந்துகிறது.

இந்த ஏற்பாடு தமிழகத்தோடு நின்றுவிடவில்லை. கேரளத்தில் இத்தகைய கல் ‘அத்தாணி’ எனப்படுகிறது. அங்கே சில ஊர்கள் இன்றும் அத்தாணி என்ற பெயரையே தாங்கி நிற்பது, அந்தக் கல் ஒருகாலத்தில் ஊருக்கே அடையாளமாக இருந்ததைக் காட்டுகிறது. யாழ்ப்பாணப் பகுதியில் சுமைதாங்கிக்கு அருகில் ஆவுரஞ்சிக் கல்லும் நடப்பட்டது. மேய்ச்சலுக்குச் சென்று வரும் மாடுகள் தம் உடல் தினவைத் தீர்த்துக்கொள்ள உரசிக்கொள்வதற்கென்றே நிறுத்தப்பட்ட கல் அது. மனிதருக்கு ஒரு கல், மாட்டுக்கு ஒரு கல், தாகத்துக்கு ஒரு கேணி என்று ஒரே இடத்தில் அமைத்தவர்கள், இளைப்பாறும் உரிமை உயிர்கள் அனைத்துக்கும் உண்டு என்று எண்ணியிருந்தார்கள்.

வழிநெடுகிலும் ஓர் ஏற்பாடு

சுமைதாங்கி ஒரு பெரிய வலைப்பின்னலின் சிறிய கண்ணி. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே, அம்பலங்களில் வழிப்போக்கருக்குத் தண்ணீர் வார்ப்பவர்களுக்கு நிலமும் நெல்லும் ஒதுக்கப்பட்ட செய்திகள் உள்ளன. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள், சாலைகளையும் அவற்றின் ஓரத்தில் நிழல்மரங்களையும் சத்திரங்களையும் அமைத்ததற்காகவே மக்கள் நினைவில் நிலைத்தவர். மதுரை இரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரிலான சத்திரம் இன்றும் இருக்கிறது. தஞ்சை மராட்டிய மன்னர்கள், இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களுக்காக வழியெங்கும் சத்திரங்களை எழுப்பினார்கள். அவற்றுள் இரண்டாம் சரபோசி மன்னர் ஒரத்தநாட்டில் அமைத்த முக்தாம்பாள் சத்திரம், உணவும் தங்குமிடமும் கல்வியும் ஒருங்கே தந்த பெரிய நிறுவனமாக விளங்கியது.

ஈழத்தின் பருத்தித்துறையில் உள்ள தெருமூடி மடம், இந்த மரபின் அழகிய வடிவங்களுள் ஒன்று. மற்ற இடங்களில் மடம் தெருவின் ஓரத்தில் இருக்கும். இங்கோ தெருவே மடத்தின் நடுவே புகுந்து செல்கிறது. இருபுறமும் உயர்ந்த திண்ணைகளும், அவற்றை இணைத்து மேலே ஒரு கூரையும் அமைந்திருப்பதால், நடந்து வருபவர் வழியை விட்டு விலகாமலேயே நிழலுக்குள் நுழைந்துவிடுகிறார். களைத்தவர் ஓய்வைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை, ஓய்வே அவர் போகும் பாதைக்கு வந்து நிற்கும் என்பது அந்தக் கட்டடத்தின் கருத்து.

பொதுவழியில் மடமும் சத்திரமும் செய்த பணியை, ஊருக்குள் திண்ணை செய்தது. வாசற்கதவின் இருபுறமும் முழங்கால் அளவுக்குமேல் உயர்த்திக் கட்டப்பட்டு, தாழ்வாரத்தின் நிழல் விழும்படி அமைந்த மேடையே திண்ணை. சில வீடுகளில் திண்ணையின் ஒரு முனை, தலைவைத்துப் படுக்க வாகாகச் சரிவாகப் பூசப்பட்டிருக்கும். தலையணை கேட்டு வீட்டாரை எழுப்பவும் தேவையில்லாதபடி, முன்பின் தெரியாத விருந்தாளிக்குச் சுண்ணச்சாந்திலேயே ஒரு தலையணை செய்து வைத்தார்கள் என்பது அதன் பொருள். வீட்டுக்குச் சொந்தமாகவும் தெருவுக்குப் பொதுவாகவும் ஒரே நேரத்தில் இருந்த அந்த இடம், பகலில் பள்ளிக்கூடமாகவும், மாலையில் பேச்சு மேடையாகவும், இரவில் வழிப்போக்கரின் படுக்கையாகவும் பயன்பட்டது.

இந்த மரபைப் போற்றும்போது, அதன் குறையையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். சத்திரங்கள் பலவற்றில் சாதிக்கு ஒரு பந்தியும் பகுதியும் வகுக்கப்பட்டிருந்தன. ஒடுக்கப்பட்ட மக்கள் பலருக்குத் திண்ணையில் அமர்வது மட்டுமன்றி, அந்தத் தெருவில் நடப்பதுகூட மறுக்கப்பட்டிருந்தது. நாள் முழுவதும் வயலில் குனிந்து நின்றவர்களுக்கே உட்கார இடம் இல்லாமல் போனது அந்த ஏற்பாட்டின் மீது படிந்த கறை. ஓய்வு யாருக்குக் கிடைக்கிறது என்பது, எந்தச் சமுதாயத்திலும் யார் மனிதராக மதிக்கப்படுகிறார் என்பதோடு பிணைந்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

‘ஆறு’ என்னும் வினைச்சொல்

தமிழில் ஓய்வைக் குறிக்கும் சொற்களை ஆராய்ந்தால், இந்தச் சமுதாயத்தின் சிந்தனை மேலும் விளங்கும். களைப்பாறுதல், இளைப்பாறுதல் என்னும் இரண்டு சொற்களிலும் ‘ஆறு’ என்ற வினையே தலைமை பெறுகிறது. சூடு ஆறும், புண் ஆறும், பசி ஆறும், சினம் ஆறும், துக்கமும் நாளடைவில் ஆறும். கொதித்தது குளிர்வதையும், கிழிந்தது கூடுவதையும், கலங்கியது தெளிவதையும் ஒரே வினையால் சொல்லும் மொழியில், ஓய்வு என்பது உடல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் ஒரு செயலாகவே உணரப்பட்டிருக்கிறது. இழப்பைச் சந்தித்தவருக்குச் சொல்லப்படும் ‘ஆறுதல்’ என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்தது.

புண்ணை யாரும் வற்புறுத்தி ஆறவைக்க முடியாது. அதைச் சீண்டாமல், காலம் கொடுத்து, காத்திருக்கத்தான் முடியும். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கக் கூடாதா என்னும் பழமொழி, சமைப்பதற்குச் செலவிட்ட நேரத்தைப் போலவே, சமைத்தது சூடு தணிவதற்குத் தரும் நேரமும் உணவின் ஒரு பகுதியே என்பதை நினைவூட்டுகிறது. அன்றாடப் பேச்சில் வேலையற்ற நிலையைக் குறிக்கும் ‘சும்மா இருத்தல்’ என்ற தொடரைத் தாயுமானவர் போன்ற சைவ ஞானிகள் அடைதற்கரிய உயர்நிலையின் பெயராக ஆண்டதும், அசையாதிருப்பது எளிதன்று என்பதை அறிந்தே ஆகும்.

உடலுக்குள் ஒரு சுமைதாங்கி

மொழி உணர்ந்திருந்த இந்த உண்மையை, உடலியல் தன் முறையில் உறுதி செய்கிறது. ஓய்வே இல்லாமல் உழைக்கும் உறுப்பு என்று இதயத்தைச் சொல்வது வழக்கமாயினும், அது முழு உண்மையன்று. நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் இதயத்தில், ஒரு துடிப்புச் சுற்றுக்கு ஆகும் காலம் 0.8 விநாடி; அதில் கீழறைகள் சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளும் நேரம் ஏறத்தாழ 0.3 விநாடி, தளர்ந்து இரத்தத்தை உள்வாங்கும் நேரம் ஏறத்தாழ 0.5 விநாடி. ஒரு நாளைக் கணக்கிட்டால், இதயத்தின் கீழறைகள் உழைக்கும் நேரத்தைவிடத் தளர்ந்திருக்கும் நேரமே மிகுதி.

இதைவிட வியப்பானது, இதயத் தசை தனக்கு வேண்டிய உணவைப் பெறும் முறை. உடல் முழுவதற்கும் இரத்தம் அனுப்பும் இடது கீழறையின் தசை, சுருங்கும்போது தனக்குள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களைத் தானே நெரித்துவிடுகிறது. ஆகவே அந்தத் தசைக்கான இரத்தம் பெரும்பாலும் தளரும் நேரத்தில்தான் பாய்கிறது. மற்ற உறுப்புகளுக்கு இதயம் உணவளிப்பது உழைக்கும்போது. தனக்கு உணவளித்துக்கொள்வதோ ஓயும்போது. துடிப்பின் வேகம் கூடும்போது சுருங்கும் நேரத்தைவிடத் தளரும் நேரமே மிகுதியாகக் குறைகிறது என்பதும் இங்கே கவனிக்கத் தக்கது. வேகம் மிகுந்தால் முதலில் வெட்டுப்படுவது ஓய்வுதான் என்னும் விதி, அலுவலகங்களுக்கு முன்பே இதயத்துக்குள் எழுதப்பட்டிருக்கிறது.

மூளையும் இவ்வாறே. உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைப் பயன்படுத்துகிறது. குறிப்பிட்ட வேலை எதுவும் செய்யாமல் ஒருவர் அமைதியாக அமர்ந்திருக்கும்போதும் அந்தச் செலவு பெரிதாகக் குறைவதில்லை. வெளிவேலை ஏதும் இல்லாதபோது மூளையின் சில பகுதிகள் ஒன்றோடொன்று இணைந்து சுறுசுறுப்பாக இயங்குவதை, அமெரிக்க நரம்பியல் அறிஞர் மார்கஸ் ரெய்க்லும் அவருடைய குழுவினரும் 2001-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்கள். நடந்ததை நினைத்துப் பார்த்தல், வரப்போவதை எண்ணிப் பார்த்தல், பிறர் மனநிலையை ஊகித்தல் ஆகியவற்றோடு அந்தப் பகுதிகள் தொடர்புடையவை. எலிகள் விழித்து நடமாடியபோது ஒன்றாக இயங்கிய நரம்பணுக்கள், அவை உறங்கும்போதும் மீண்டும் ஒன்றாக இயங்குவதை 1994-ஆம் ஆண்டில் மேத்யூ வில்சனும் புரூஸ் மெக்னாட்டனும் கண்டறிந்தார்கள். கற்றவை மனத்தில் பதிவது, கற்பதை நிறுத்திய பிறகும் தொடரும் வேலை என்பதற்கு இது வலுவான சான்றாகக் கொள்ளப்படுகிறது.

நிலமும் கடலும் ஓயும் காலம்

ஓய்வின் பயனை உழவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். காவிரிப் படுகையில் சம்பா நெல் அறுவடைக்குச் சில நாள்கள் முன்பே, நிற்கும் பயிருக்கிடையே உளுந்தையும் பாசிப்பயற்றையும் தூவிவிடுவார்கள். நெல் அறுத்த பின் புதிதாக உழுவதும் இல்லை, நீர் பாய்ச்சுவதும் பெரும்பாலும் இல்லை. மண்ணில் மிஞ்சியிருக்கும் ஈரத்திலும் பனியிலும் பயறு முளைத்து வளர்கிறது. பயற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்க்கின்றன. நெல்லுக்கு இடைவேளை கிடைக்கும் அந்த மாதங்களில், நிலம் தான் இழந்ததில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறது.

கடலுக்கும் அத்தகைய காலம் ஒன்று வகுக்கப்பட்டுள்ளது. தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள், விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக விடப்படும் இந்தக் காலத்தில் படகுகள் கரையேற்றப்பட்டு, பலகைகள் மாற்றப்பட்டு, வண்ணம் பூசப்பட்டு, வலைகள் பின்னப்படுகின்றன. ஆனால் கடல் ஓயும்போது மீனவர் வீட்டு அடுப்பு ஓய முடியாது. அதனால்தான் அரசு தடைக்கால நிவாரணத் தொகை வழங்குகிறது. ஓய்வுக்கு ஒரு விலை உண்டு என்பதையும், அந்த விலையைச் சமுதாயம் பகிர்ந்துகொண்டால்தான் ஓய்வு நிலைக்கும் என்பதையும் இந்த ஏற்பாடு ஒப்புக்கொள்கிறது.

ஆலைச் சங்கு ஒலித்த பிறகு

வயலில் வேலையின் வேகத்தை வெயிலும் மழையும் தீர்மானித்தன. ஆலைகள் வந்த பிறகு சங்கொலியும் இயந்திரமும் அதைத் தீர்மானித்தன. இயந்திரத்துக்குக் கழுத்து வலிப்பதில்லை என்பதால், அதனோடு நின்ற மனிதருக்கும் வலிக்கக் கூடாது என்று எதிர்பார்க்கப்பட்டது. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஞாயிறு விடுமுறை கிடைத்தது, நாராயண் மேகாஜி லோக்காண்டே பல ஆண்டுகள் போராடியதன் பயனாக 1890-ஆம் ஆண்டில்தான். சென்னையில் 1918 ஏப்ரல் 27 அன்று தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கம், பி. பி. வாடியா, திரு. வி. க. ஆகியோரின் பெயர்களோடு இணைந்தது. பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களை அந்தச் சங்கத்தை நோக்கிச் செலுத்திய குறைகளுள், நண்பகல் உணவு இடைவேளை போதவில்லை என்பதும் ஒன்று. உட்கார்ந்து உண்ணக் கிடைக்காத சில நிமிடங்கள், இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் தொடக்கத்திலேயே இடம்பெற்றுவிட்டன.

1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியபோது, நாட்டின் சட்டம் ஆலைத் தொழிலாளரிடமிருந்து வாரத்துக்கு 60 மணி நேரம் வரை வேலை வாங்க இடமளித்திருந்தது. பின்னர் படிப்படியாகக் குறைந்த அந்த வரம்பை 1946-ஆம் ஆண்டின் திருத்தம் 48 மணி நேரமாக்கியது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது என்றும், இடையில் அரைமணி நேரமேனும் ஓய்வு தர வேண்டும் என்றும், வாரம் ஒருநாள் விடுமுறை வேண்டும் என்றும் வகுத்தது. அதே 1948-இல் ஐக்கிய நாடுகள் அவை அறிவித்த மனித உரிமைப் பேரறிக்கையின் 24-ஆம் கூறு, ஓய்வையும் ஒழிவு நேரத்தையும் ஒவ்வொரு மனிதரின் உரிமையாக ஏற்றது.

பெற்ற உரிமை தானே நிலைப்பதில்லை. 2023 ஏப்ரலில், நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, தொழிற்சங்கங்களும் கட்சிகளும் கடுமையாக எதிர்த்தன. அந்தத் திருத்தம் திரும்பப் பெறப்படுவதாக மே தினத்தன்று அறிவிக்கப்பட்டது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் அபாயம் 35 விழுக்காடும், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. தளர்ந்திருக்கும் நேரத்தில் உணவு பெறும் இதயத்தின் இயல்பை நினைத்தால், ஓய்வைக் குறைப்பது எத்தகைய செயல் என்பது விளங்கும்.

உட்காரும் உரிமை

ஓய்வென்பது விடுமுறை நாளிலோ உறக்கத்திலோ மட்டும் கிடைக்க வேண்டியதன்று. வேலையின் நடுவே வாய்க்கும் சிறு சிறு நிமிடங்களிலும் கிடைக்க வேண்டும். துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் பணியாற்றும் பெண்களின் நிலை இதை உணர்த்துகிறது. வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரத்திலும், நாள் முழுவதும் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்பது பல கடைகளில் எழுதப்படாத விதியாக இருந்தது.

நிற்பது ஏன் துன்பம் தருகிறது என்பதற்குக் காரணம் கால்களின் இரத்த ஓட்டத்தில் இருக்கிறது. பாதத்துக்கு இறங்கிய இரத்தம், புவியீர்ப்பை எதிர்த்து மீண்டும் இதயத்துக்கு ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. சிரைகளுக்குள் இருக்கும் சிறு கதவுகள் அது மீண்டும் கீழே வழிந்துவிடாமல் தடுக்கின்றன. அசையாமல் மணிக்கணக்கில் நிற்பவருக்குத் தசைகளின் உதவி கிடைக்காததால், இரத்தம் கால்களில் தேங்கி, சிரைகள் புடைத்து, கதவுகள் பழுதடையும் அபாயம் கூடுகிறது. நரம்பு சுருட்டிக்கொண்டது என்று மக்கள் சொல்லும் நோய் இதுவே. ஒரு முக்காலியில் ஐந்து நிமிடம் அமர்வதன் மதிப்பு, அந்தக் கால்களுக்குத்தான் தெரியும்.

கேரளத்தில் கடைப் பணிப்பெண்கள் தொடர்ந்து போராடியதன் விளைவாக, 2018-இல் அம்மாநிலம் பணியிடத்தில் உட்காரும் வசதியைச் சட்டமாக்கியது. தமிழகம் 2021 செப்டம்பரில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லாக் கடைகளிலும் நிறுவனங்களிலும் பணியாளர்களுக்கு இருக்கை வசதி செய்துதர வேண்டும் என்றும், பணிநேரம் முழுவதும் அவர்கள் நின்றுகொண்டே இருக்கும் நிலை நேரக் கூடாது என்றும் விதித்தது. ஒரு நாற்காலிக்காகச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது வருத்தத்துக்குரியதாயினும், அந்தச் சட்டம் சுமைதாங்கியை நட்டவர்களின் எண்ணத்தை இக்காலத்துக்கு எடுத்து வந்தது என்று கொள்ளலாம்.

இன்றைய வழிப்போக்கர்கள்

இக்காலத்திலும் சாலைகளில் சுமையோடு செல்பவர்கள் இருக்கிறார்கள். முதுகில் பெரிய பையோடு, கைப்பேசியில் வரும் அடுத்த அழைப்பை எதிர்பார்த்து, மூடிய கடைகளின் படிக்கட்டிலும் மேம்பாலத்தின் நிழலிலும் இருசக்கர வாகனத்தின் மீதே சாய்ந்து கண்ணயரும் உணவு விநியோகத் தொழிலாளர்கள், முற்காலத் தலைச்சுமைக்காரர்களின் வழித்தோன்றல்களே. திண்ணைகள் இருந்த இடத்தில் சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் வந்துவிட்ட நகரத்தில், பணம் கொடுக்காமல் உட்கார ஓர் இடம் அவர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. 2025-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி இத்தகைய தொழிலாளர்களுக்காகச் சாலையோரத்தில் குளிரூட்டப்பட்ட ஓய்வறைகளை அமைக்கத் தொடங்கியது, பழைய மரபின் தொடர்ச்சியாகவே கருதத் தக்கது.

சாலையில் தெரியாத சுமைகளும் உண்டு. 2019-ஆம் ஆண்டின் தேசியக் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண் ஒருவர் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார். அவ்வேலையில் ஈடுபட்ட ஆண் செலவிட்டது 97 நிமிடம். வீட்டுக்கு எல்லோரும் இளைப்பாறத்தான் திரும்புகிறார்கள். அந்த இளைப்பாறுதலை ஆக்கித் தருபவருக்கு அங்கே சங்கும் ஒலிப்பதில்லை, இடைவேளையும் வகுக்கப்படுவதில்லை. அவருடைய தலையிலிருக்கும் சுமையைப் பலகையாக நின்று வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள் அதே வீட்டில் இருப்பவர்களே.

சாலைகள் அகலப்படுத்தப்படும்போது சுமைதாங்கிகள் பல பிடுங்கி எறியப்பட்டுவிட்டன. எஞ்சியவற்றுள் சில மண் மேடிட்டதால் இடுப்பளவுக்குப் புதைந்து நிற்கின்றன. புதைந்துபோன சுமைதாங்கி, பெயரளவில் சுமைதாங்கியாக இருந்தாலும், எவர் தலையிலிருந்தும் எதையும் வாங்கிக்கொள்ள இயலாது. அந்தக் கல்லை நட்டவர் தன் வசதிக்கோ, தன்னிடமிருந்த கல்லின் நீளத்துக்கோ ஏற்ப அதன் உயரத்தைத் தீர்மானிக்கவில்லை. முகம் அறியாத ஒருவர் மூட்டையோடு வந்து நிற்பதை மனத்தில் கண்டு, அவருடைய தோளின் உயரத்தை அளவாகக் கொண்டார். பிறருக்கு ஓய்வு தர நினைக்கும் சட்டமும், நிறுவனமும், குடும்பமும் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது அந்த அளவைத்தான்.